குவாண்டம் கணினியின் கூறுகள்

குவாண்டம் கணினியின் கூறுகள் என்பன, குவாண்டம் இயக்கவியலின் விதிகளைக் கொண்டு கணிக்கும் ஒரு பொறியை இயக்கத் தேவையான வன்பொருள், மென்பொருள் பகுதிகள் ஆகும். கியூபிட்டுகளைத் தாங்கிய சில்லு, அதைக் குளிர்விக்கும் அமைப்பு, நுண்ணலைக் கம்பிகள், பெருக்கிகள், கட்டுப்பாட்டு மின்னணுக் கருவிகள், நிரல்களைச் சில்லுக்கு ஏற்ப மாற்றும் தொகுப்பி, பிழைகளைக் கண்டறியும் மென்பொருள் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. சில்லு சில சென்ட்டிமீட்டர் அகலமே உடையது. ஏனைய பகுதிகள் ஓர் அறையை நிரப்பக் கூடியவை; அவற்றுட் பெரும்பாலானவை மரபான மின்னணுவியல், இயந்திரவியல் கருவிகளே ஆகும்.

இவ்வளவு பெரிய துணை அமைப்பு தேவைப்படுவதற்குக் காரணம், கியூபிட்டிடம் எதிர்பார்க்கப்படும் இரண்டு பண்புகள் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதாகும். கியூபிட் தன் குவாண்டம் நிலையை இழக்காதிருக்க வேண்டுமானால், அது வெளியுலகிலிருந்து முற்றாகப் பிரிக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஆனால் அதற்குக் கட்டளை இடவும், அதன் விடையைப் படிக்கவும் வெளியுலகுடன் ஒரு தொடர்பு இருந்தே ஆக வேண்டும். கட்டளை செல்லும் அதே கம்பி வழியாகவே வெப்பமும் இரைச்சலும் உள்ளே வருகின்றன. குவாண்டம் கணினியின் ஏறத்தாழ ஒவ்வொரு கூறும் இம்முரண்பாட்டைச் சமாளிக்கவே உள்ளது எனலாம். கூகுள், ஐ.பி.எம் ஆகிய நிறுவனங்கள் பயன்படுத்தும் மீக்கடத்திவகைக் கணினியின் கூறுகளே இங்கு விரிவாக விளக்கப்படுகின்றன. பிற வகைகள் இறுதியில் சுருக்கமாகத் தரப்பட்டுள்ளன.

வரலாறு

இயற்கையின் குவாண்டம் நிகழ்வுகளைக் கணிக்கக் குவாண்டம் விதிகளின்படி இயங்கும் கணினியே தேவை என்னும் கருத்தை ரிச்சர்டு ஃபெயின்மான் 1981 ஆம் ஆண்டு ஓர் உரையில் முன்வைத்தார். பொதுப்பயன் குவாண்டம் கணினி ஒன்றின் கோட்பாட்டு வடிவத்தை டேவிட் டாய்ச் 1985 இல் வெளியிட்டார். பெரிய எண்களைக் காரணிப்படுத்தும் படிமுறையைப் பீட்டர் ஷோர் 1994 இல் கண்டறிந்த பின்னரே இத்துறைக்குப் பரவலான கவனம் கிட்டியது. இணையப் பாதுகாப்புக்கு அடிப்படையான ஆர்.எசு.ஏ மறையீட்டு முறை, அத்தகைய காரணிப்படுத்தல் கடினமானது என்பதையே நம்பியிருந்தது.

எந்தப் பொருளைக் கொண்டு கட்டினாலும் ஒரு குவாண்டம் கணினி நிறைவேற்ற வேண்டிய ஐந்து நிபந்தனைகளை டேவிட் டிவின்சென்சோ 2000 ஆம் ஆண்டு தொகுத்தளித்தார். எண்ணிக்கையைப் பெருக்கக் கூடிய கியூபிட்டுகள், அவற்றை ஒரு தொடக்க நிலையில் நிறுத்தும் வழி, போதிய நேரம் நிலைக்கும் குவாண்டம் நிலை, முழுமையான வாயில்களின் தொகுதி, ஒவ்வொரு கியூபிட்டையும் அளக்கும் முறை என்பனவே அவை. கீழே விளக்கப்படும் வன்பொருட்கூறுகள் இவற்றுள் ஏதேனும் ஒன்றை நிறைவேற்றவே அமைந்துள்ளன.

கியூபிட்டும் சில்லும்

மரபான கணினியின் பிட் 0 அல்லது 1 ஆகிய இரண்டில் ஒன்றாக மட்டுமே இருக்கும். கியூபிட் இவ்விரு நிலைகளின் மேற்பொருந்திய நிலையிலும் இருக்க வல்லது. பல கியூபிட்டுகளைப் பின்னிய நிலையில், ஒவ்வொன்றையும் தனித்தனியே விவரிக்க இயலாது. முழுத் தொகுதியையும் ஒன்றாகவே விவரிக்க வேண்டும். அளந்தவுடன் மேற்பொருந்திய நிலை அழிந்து 0 அல்லது 1 மட்டும் கிடைக்கும்.

மீக்கடத்திவகைக் கியூபிட் என்பது அணு அன்று. சில்லில் வரையப்பட்ட ஒரு மின்சுற்றே ஆகும். மின்தேக்கியும் மின்தூண்டியும் இணைந்த சுற்று ஒன்று குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அலையும். மிகக் குளிர்ந்த நிலையில் அதன் ஆற்றல் படிப்படியான மட்டங்களாக அமையும். எனினும் சாதாரண சுற்றில் இம்மட்டங்களிடையே உள்ள இடைவெளிகள் சமமானவை. ஆதலால் முதல் இரண்டு மட்டங்களை மட்டும் தூண்ட முயன்றால் மேலுள்ள மட்டங்களும் சேர்ந்தே தூண்டப்படும். மின்தூண்டிக்குப் பதிலாக ஜோசப்சன் சந்தி வைக்கப்படும்போது இடைவெளிகள் சமமற்றவை ஆகின்றன. அடியிலுள்ள இரண்டு மட்டங்களை மட்டும் 0, 1 எனப் பயன்படுத்த முடிகின்றது. இரண்டு அலுமினியப் படலங்களுக்கு இடையே ஓரிரு நானோமீட்டர் தடிமனுள்ள அலுமினிய ஆக்சைடு படலத்தை வைத்தால் அதுவே ஜோசப்சன் சந்தி. பிரையன் ஜோசப்சன் 1962 இல் கோட்பாட்டளவில் முன்னறிவித்த இவ்விளைவுக்காக அவருக்கு 1973 இல் நோபல் பரிசு கிடைத்தது.

கையில் எடுத்துப் பார்க்கக் கூடிய அளவுள்ள ஒரு மின்சுற்று குவாண்டம் விதிகளுக்குக் கட்டுப்பட்டு நடப்பதை ஜான் கிளார்க், மிசேல் டெவொரே, ஜான் மார்ட்டினிசு ஆகியோர் 1984-85 ஆம் ஆண்டுகளில் பெர்க்லியில் நடத்திய சோதனைகள் காட்டின. 2025 ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசு இதற்காகவே இவர்களுக்கு வழங்கப்பட்டது. மீக்கடத்திக் கியூபிட் ஒன்றை முதன்முதலாக இயக்கிக் காட்டியவர்கள் நிப்பான் மின் நிறுவனத்தின் யசுனோபு நக்கமுராவும் அவருடைய குழுவினரும் ஆவர் (1999). அந்தக் கியூபிட் தன் நிலையைச் சில நானோநொடிகளே காத்தது. இன்று பெரிதும் பயன்படும் டிரான்சுமான் வகை 2007 இல் யேல் பல்கலைக்கழகத்தில் உருவானது. இதன் நிலை நூறு மைக்ரோநொடி அளவுக்கும் அதற்கு மேலும் நிலைக்கின்றது. ஒரு வாயில் செயற்பாட்டுக்குச் சில பத்து நானோநொடிகள் போதும் என்பதால், நிலை அழிவதற்குள் ஆயிரக்கணக்கான செயற்பாடுகளுக்கு இடமுண்டு.

கூகுளின் சிக்கமோர் சில்லில் (2019) 54 கியூபிட்டுகளும், அடுத்தடுத்த கியூபிட்டுகளிடையே உள்ள தொடர்பைக் கூட்டவும் குறைக்கவும் 88 இணைப்பிகளும் இருந்தன. ஒரு கியூபிட் இயங்காமையால் 53 மட்டுமே பயன்படுத்தப்பட்டது. ஐ.பி.எம் நிறுவனத்தின் காண்டர் சில்லு (2023) 1121 கியூபிட்டுகளைக் கொண்டது. ஆயினும் அதே ஆண்டு அந்நிறுவனம் வெளியிட்ட 133 கியூபிட் கொண்ட எரோன் சில்லே பிழை குறைந்தது. எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கணினிகளை ஒப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

குளிரூட்டும் அமைப்பு

செய்தித்தாள்களில் குவாண்டம் கணினி என்ற பெயரில் வெளியாகும், பொன்னிறத் தட்டுகள் அடுக்கடுக்காகத் தொங்கும் சரவிளக்கு போன்ற படம், உண்மையில் கணினியின் படம் அன்று. அது குளிரூட்டியின் உட்பகுதி. சில்லு அதன் அடித்தட்டுக்குக் கீழே ஓர் உறைக்குள் மறைந்திருக்கும். இயங்கும் வேளையில் முழு அமைப்பும் வெற்றிடக் கலங்களால் மூடப்பட்டிருப்பதால் இக்காட்சியும் தென்படாது.

அலுமினியம் ஏறத்தாழ 1.2 கெல்வினிலேயே மீக்கடத்தி ஆகிவிடுகின்றது. எனினும் அக்குளிர் போதாது. கியூபிட்டை 0 இலிருந்து 1 க்கு உயர்த்தத் தேவைப்படும் நுண்ணலையின் அதிர்வெண் 5 கிகாஹெர்ட்சு அளவினது. இவ்வாற்றல் 0.24 கெல்வின் வெப்பநிலைக்கு ஒப்பானது. சூழல் அவ்வெப்பநிலையை நெருங்கினால், கட்டளை ஏதுமின்றியே வெப்பம் கியூபிட்டைத் தூண்டிவிடும். ஆகவே அதனினும் பத்திலொரு பங்குக்குக் கீழே, அதாவது 10 முதல் 20 மில்லிகெல்வின் வரையிலான வெப்பநிலையில் சில்லு வைக்கப்படுகின்றது. விண்வெளியின் பின்புல வெப்பநிலை 2.7 கெல்வின் என்பதோடு இதை ஒப்பிடலாம்.

இக்குளிரைத் தருவது நீர்த்தல் குளிரூட்டி ஆகும். துடிப்புக் குழாய் எனும் இயந்திரக் குளிர்விப்பான் முதலில் மேல்தட்டுகளை 50 கெல்வினுக்கும் 4 கெல்வினுக்கும் கொண்டுவருகின்றது. அதற்குக் கீழே ஈலியம்-3, ஈலியம்-4 ஆகிய இரு ஓரிடத்தான்களின் கலவை வேலை செய்கின்றது. இக்கலவை 0.87 கெல்வினுக்குக் கீழே குளிர்ந்தால் எண்ணெயும் நீரும் போல இரு அடுக்குகளாகப் பிரியும். மேல் அடுக்கு ஏறத்தாழ முழுதும் ஈலியம்-3. கீழ் அடுக்கு பெரிதும் ஈலியம்-4. ஆனால் வெப்பநிலை சுழியத்தை எவ்வளவு நெருங்கினாலும் கீழ் அடுக்கில் ஆறு விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்ட அளவு ஈலியம்-3 கரைந்தே இருக்கும். இவ்வாறு கரைந்துள்ள ஈலியம்-3 ஐ எக்கியால் இழுத்துக்கொண்டே இருந்தால், அந்த இடத்தை நிரப்ப மேல் அடுக்கிலிருந்து ஈலியம்-3 அணுக்கள் கீழ் அடுக்குக்குள் கடக்கின்றன. வியர்வை ஆவியாகும்போது உடல் குளிர்வதைப் போல, இக்கடப்பு சூழலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கின்றது. இழுக்கப்பட்ட வளிமம் மீண்டும் குளிர்விக்கப்பட்டு உள்ளே செலுத்தப்படுவதால் சுழற்சி இடைவிடாது நடைபெறுகின்றது.

இத்தகைய குளிரூட்டி 20 மில்லிகெல்வினில் நீக்கக் கூடிய வெப்பம் பொதுவாக வாட்டின் ஒரு இலட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவினது. இதுவே கணினியின் அளவை இறுக்கிப் பிடிக்கும் எல்லை: ஒவ்வொரு புதிய கம்பியும் இந்தச் சிறிய கணக்கிலிருந்தே தன் பங்கைச் செலவிடுகின்றது. மற்றொரு எல்லை ஈலியம்-3 இன் அருமை. இயற்கையில் மிக அரிதான இது, அணு ஆயுதங்களுக்காக ஆக்கப்படும் திரித்தியம் சிதைவதன் வழியாகவே பெரிதும் கிடைக்கின்றது.

கம்பிகளும் சமிக்ஞை மெலித்தலும்

அறை வெப்பநிலையிலுள்ள எந்தக் கம்பியும், ஒருவரும் எதையும் அனுப்பாதபோதும், வெப்ப இரைச்சலைச் சுமந்திருக்கும். 5 கிகாஹெர்ட்சு அதிர்வெண்ணில் அது 1250 போட்டான்களுக்குச் சமமானது. ஒரேயொரு போட்டானே கியூபிட்டின் நிலையைக் குலைக்கப் போதுமானது. எனவே கீழிறங்கும் கம்பியில் வெவ்வேறு தட்டுகளில் மெலிப்பான்கள் பொருத்தப்படுகின்றன. ஒவ்வொன்றும் சமிக்ஞையை வழக்கமாக நூறில் ஒரு பங்காகக் குறைத்து, அழிக்கப்பட்ட ஆற்றலை அந்தந்தத் தட்டின் குளிரில் விட்டுவிடும். மூன்று படிகளில் இரைச்சல் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகின்றது. கட்டளையும் அதே அளவு மெலிந்துவிடும் என்பது உண்மையே. ஆதலால் மேலிருந்து அது அதற்கேற்ற வலிமையுடன் அனுப்பப்படுகின்றது. எல்லா மெலிப்பான்களையும் மேலேயே வைத்துவிட முடியாது. மெலிப்பானும் தன் வெப்பநிலைக்குரிய இரைச்சலை உமிழும் என்பதால், கடைசிப் படி மிகக் குளிர்ந்த தட்டிலேயே இருக்க வேண்டும்.

கம்பியின் பொருளிலும் சிக்கல் உண்டு. செம்பு போன்ற நல்ல மின்கடத்திகள் நல்ல வெப்பக்கடத்திகளாகவும் இருப்பதால் அவை வெப்பத்தைக் கீழே கொண்டுவந்துவிடும். ஆதலால் இறங்கும் கம்பிகள் துருவேறா எஃகு அல்லது செம்பு-நிக்கல் கலப்புலோகத்தால் செய்யப்படுகின்றன; சமிக்ஞை சற்று இழக்கப்பட்டாலும் கேடில்லை. விடையைச் சுமந்து மேலேறும் கம்பியில் சிறிதும் இழப்பு கூடாது. அங்கு 4 கெல்வின் தட்டு வரை நையோபியம்-தைட்டானியம் பயன்படுகின்றது. மீக்கடத்தியான இது மின்னை இழப்பின்றிக் கடத்தும், வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும்.

அதிர்வெண்ணை மாற்றக் கூடிய ஒரு கியூபிட்டுக்குத் தூண்டலுக்கு ஒன்றும் அதிர்வெண்ணைச் சரிசெய்ய ஒன்றுமாக இரு கம்பிகள் தேவைப்படும். இணைப்பிக்கும் ஒன்று வேண்டும். படிக்கும் கம்பியை மட்டும் பல கியூபிட்டுகள் பகிர்ந்துகொள்ளலாம். காண்டர் சில்லின் ஒரே குளிரூட்டிக்குள் ஒரு மைலுக்கு மேற்பட்ட நீளமுள்ள கம்பி உள்ளதாக ஐ.பி.எம் தெரிவித்தது. பத்து இலட்சம் கியூபிட்டுகளுக்கு இம்முறை ஒத்துவராது என்பது பொறியியலாளரிடையே பொதுவாக ஏற்கப்பட்டதாகும்.

விடையைப் படித்தல்

கியூபிட் நேரடியாக அளக்கப்படுவதில்லை. அதன் அருகே 6 அல்லது 7 கிகாஹெர்ட்சில் ஒத்ததிரும் ஒரு சிறு சுற்று வைக்கப்படுகின்றது. கியூபிட் 0 ஆக உள்ளதா, 1 ஆக உள்ளதா என்பதைப் பொறுத்து இச்சுற்றின் அதிர்வெண் சற்று இடம் பெயரும். மெல்லிய நுண்ணலைத் துடிப்பு ஒன்றை அதன் மீது அனுப்பித் திரும்பும் அலையின் கட்டத்தைப் பார்த்தால் கியூபிட்டின் நிலை தெரியவரும்.

திரும்பும் அலையில் சில போட்டான்களே இருப்பதால் அதைப் படிப்படியாகப் பெருக்க வேண்டும். முதற்பெருக்கி சில்லுக்கு அருகிலேயே இருப்பது. ஜோசப்சன் சந்திகளால் ஆன இது, குவாண்டம் விதிகள் அனுமதிக்கும் மிகக் குறைந்த இரைச்சலை நெருங்கி இயங்குகின்றது. அடுத்தது 4 கெல்வின் தட்டிலுள்ள குறைகடத்திப் பெருக்கி. பெருக்கியின் இரைச்சல் பின்னோக்கிச் சில்லை அடையாதிருக்க, இடையில் அலையை ஒரு திசையில் மட்டும் விடும் காந்தக் கருவிகள் பொருத்தப்படுகின்றன. இவை பருமனானவை, சில்லுக்குக் காந்தத் தடுப்புறை தேவைப்படுவதற்கு இவையும் ஒரு காரணம்.

அறை வெப்பநிலைக் கருவிகள்

வாயில் என்பது மரபான கணினியில் சில்லில் பதிந்துள்ள ஒரு பொருள். இங்கோ அது ஒரு நிகழ்வு: கியூபிட் அசையாது நிற்க, அதன் மீது விழும் நுண்ணலைத் துடிப்பே வாயில் ஆகும். துடிப்பின் வீச்சும் நீளமும் கட்டமும் எந்த வாயில் என்பதைத் தீர்மானிக்கின்றன. அத்துடிப்புகளைப் புலத்தில் நிரலாக்கக் கூடிய சில்லுகளும் இலக்க-ஒப்புமை மாற்றிகளும் நானோநொடித் துல்லியத்தில் உருவாக்குகின்றன. கூர்மையான விளிம்புள்ள துடிப்பு மூன்றாம் மட்டத்தையும் தூண்டிவிடும் என்பதால், துடிப்புகள் மணி வடிவில் செதுக்கப்படுகின்றன.

ஒரு வகை வாயிலுக்கு மட்டும் துடிப்பே தேவையில்லை. கியூபிட்டை செங்குத்து அச்சைச் சுற்றித் திருப்ப வேண்டுமானால், அதன் பின் வரும் துடிப்புகளின் கட்டத்தைக் கணக்கில் மாற்றிக்கொண்டால் போதும். நேரமும் எடுக்காத, பிழையும் ஏறத்தாழ அற்ற இவ்வாயில் மென்பொருளில் மட்டுமே உள்ளது.

மென்பொருள்

குவாண்டம் கணினிக்கான நிரல்கள் பெரும்பாலும் பைத்தான் மொழியில், அதற்கென உள்ள நிரலகங்களைக் கொண்டு எழுதப்படுகின்றன. ஐ.பி.எம் வெளியிட்ட கிசுகிட் (2017), கூகுளின் சர்க் (2018) ஆகியன பரவலாக அறியப்பட்டவை. மைக்ரோசாப்ட்டு இதற்கெனத் தனி மொழியையே 2017 இல் வெளியிட்டது. எந்தக் கியூபிட்டின் மீது எந்த வாயில் எந்த வரிசையில் என்பதைக் கூறும் சுற்றையே இந்நிரல்கள் விவரிக்கின்றன.

அச்சுற்றைச் சில்லு நேரடியாக ஏற்காது. சில்லுக்குத் தெரிந்த வாயில்கள் நான்கைந்தே. ஏனையவற்றைத் தொகுப்பி அவற்றாலேயே கட்டித்தர வேண்டும். இதைவிடக் கடினமானது இடஅமைப்பு. சில்லில் அடுத்தடுத்துள்ள கியூபிட்டுகள் மட்டுமே ஒன்றோடொன்று செயற்படும். ஒரு வரிசையில் அ, ஆ, இ என மூன்று கியூபிட்டுகள் இருக்க, நிரல் அ வையும் இ யையும் இணைக்கச் சொன்னால், முதலில் ஆ, இ ஆகியவற்றின் நிலைகளை இடமாற்ற வேண்டும். ஓர் இடமாற்றத்துக்கு மூன்று இரட்டைக்கியூபிட் வாயில்கள் செலவாகும். ஒவ்வொன்றிலும் 0.5% பிழை எனக் கொண்டால், நிரலில் எழுதப்படாத 1.5% பிழை இதனால் சேர்கின்றது. மரபான தொகுப்பி நேரத்தை மிச்சப்படுத்துகின்றது. குவாண்டம் தொகுப்பி விடை உயிர்பிழைக்கும் வாய்ப்பை மிச்சப்படுத்துகின்றது. மிகச் சிறந்த இடஅமைப்பைக் காண்பது பெரிய சுற்றுகளுக்கு நடைமுறையில் இயலாததால், தொகுப்பிகள் ஏறத்தாழ நல்ல தீர்வுகளையே தேடுகின்றன.

பிழை கண்டறிய நிரலின் நடுவே ஒரு மாறியை அச்சிட்டுப் பார்ப்பது நிரலாளரின் வழக்கம். இங்கு அது முடியாது. பார்த்தால் நிலை அழிந்துவிடும், படியெடுக்கவும் இயற்பியல் விதி இடந்தராது. ஆகவே சிறிய நிரல்கள் மரபான கணினியில் பாவனை செய்து சரிபார்க்கப்படுகின்றன. 30 கியூபிட்டுகளின் நிலையை முழுமையாகச் சேமிக்க ஏறத்தாழ 17 கிகாபைட்டு நினைவகம் வேண்டும். 50 கியூபிட்டுகளுக்கு இது 18 பெட்டாபைட்டு ஆகிவிடும். உண்மைக் கருவியிலும் ஒரு முறை ஓட்டினால் ஒரு விடையே கிடைக்கும். எனவே ஒரே சுற்றை ஆயிரக்கணக்கான முறை ஓட்டி விடைகளின் பரவல் பெறப்படுகின்றது.

பொதுவாகக் கவனம் பெறாத மற்றொரு மென்பொருள் அளவுத்திருத்தம் செய்வது. எந்த இரு கியூபிட்டுகளும் ஒன்றுபோல் அமைவதில்லை; ஆக்சைடு படலத்திலுள்ள நுண்குறைகளால் அவற்றின் பண்புகள் நாளடைவில் நகரவும் செய்கின்றன. ஒவ்வொன்றின் அதிர்வெண்ணையும் துடிப்பின் வீச்சையும் தானியங்கி நிரல்கள் மீண்டும் மீண்டும் அளந்து திருத்துகின்றன. ஒன்றைத் திருத்தினால் அதைச் சார்ந்த பிறவற்றையும் திருத்த வேண்டியிருப்பதால், இவ்வளவீடுகள் ஒரு சார்பு வரைபடமாக ஒழுங்குபடுத்தப்படுகின்றன.

பிழை திருத்தம்

மீக்கடத்திக் கியூபிட்டுகளின் சிறந்த இரட்டை வாயில்களும் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒரு முறை தவறுகின்றன. ஷோரின் படிமுறை பயன் தரும் அளவில் ஓட வேண்டுமானால் பல நூறு கோடி செயற்பாடுகள் தவறின்றி நடைபெற வேண்டும். இவ்விடைவெளியை நிரப்பும் கூறே பிழை திருத்தம். ஒரு கியூபிட்டின் தகவலைப் பல கியூபிட்டுகளில் பரப்பி வைத்து, தகவலை அளக்காமல் அவற்றிடையே உள்ள ஒற்றுமையை மட்டும் அளந்து பிழையைக் கண்டறிய முடியும் என்பதை ஷோர் 1995 இல் காட்டினார்.

இன்று மிகுதியாக ஆராயப்படும் பரப்புக் குறிமுறையில் கியூபிட்டுகள் சதுரக் கட்டமாக அமைகின்றன. பக்கத்துக்கு 3 எனில் 9 தரவுக் கியூபிட்டுகளும் 8 அளவைக் கியூபிட்டுகளும் தேவை. பக்கத்துக்கு 7 எனில் 49 உம் 48 உம். அடிப்படைப் பிழை ஒரு வரம்புக்கு மேலிருந்தால் கட்டத்தைப் பெரிதாக்குவது நிலைமையை மோசமாக்கும். கீழிருந்தால் பிழை அடுக்கடுக்காகக் குறையும். கூகுளின் 105 கியூபிட் கொண்ட வில்லோ சில்லில் கட்டத்தின் பக்கம் 3, 5, 7 என வளர, ஒவ்வொரு படியிலும் பிழை ஏறத்தாழப் பாதிக்கும் கீழாகக் குறைந்தது (2024). முப்பது ஆண்டுக் கோட்பாடு ஒன்று இவ்வாறு சோதனையில் உறுதியானது.

எந்தக் கியூபிட்டில் பிழை நேர்ந்தது என்பதை அளவைகளைக் கொண்டு ஊகிப்பது மரபான கணினியில் ஓடும் குறிவிலக்கி மென்பொருள் ஆகும். இதில் பயன்படும் முறைகளுள் ஒன்று, யாக் எட்மண்ட்சு 1965 இல் வரைபடக் கோட்பாட்டுக்காகக் கண்ட பொருத்தப் படிமுறையை அடிப்படையாகக் கொண்டது. வில்லோவில் ஒவ்வொரு 1.1 மைக்ரோநொடிக்கும் ஒரு தொகுதி அளவைகள் வந்து குவிகின்றன. குறிவிலக்கி அவ்வேகத்துக்கு ஈடுகொடுக்காவிடில் அளவைகள் தேங்கிக் கணிப்பு முழுவதும் நின்றுவிடும். குவாண்டம் கணினியின் வேகம் இவ்வாறு மரபான கணினியின் வேகத்தைச் சார்ந்துள்ளது. காசுமிக் கதிர் சில்லைத் தாக்கும்போது பல கியூபிட்டுகள் ஒருசேரப் பிழைபடுவது இம்முறைக்கு இன்னும் சவாலாக உள்ளது.

2048 பிட் ஆர்.எசு.ஏ எண்ணை உடைக்க 2 கோடி கியூபிட்டுகளும் 8 மணி நேரமும் வேண்டும் எனக் கிரெய்க் கிட்னி, மார்ட்டின் எக்கெரோ ஆகியோர் 2019 இல் கணித்தனர். கிட்னி 2025 இல் வெளியிட்ட கணிப்பின்படி 10 இலட்சத்துக்கும் குறைவான கியூபிட்டுகளும் ஒரு வாரத்துக்கும் குறைந்த நேரமும் போதும். இரு கணிப்புகளும் ஒரே தரமுள்ள வன்பொருளையே கருதியவை. குறைப்பு முழுவதும் படிமுறையிலும் குறிமுறையிலும் கிடைத்தது. இத்தகைய கணினி எதுவும் இன்னும் கட்டப்படவில்லை. எனினும் இன்று பதிவு செய்து வைக்கப்படும் மறைசெய்தி பின்னொரு நாள் உடைக்கப்படலாம் என்பதால், அமெரிக்காவின் தேசிய சீர்தரங்கள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் குவாண்டம் தாக்குதலைத் தாங்கும் மூன்று மறையீட்டுச் சீர்தரங்களை 2024 ஆகத்தில் வெளியிட்டது.

பிற வகைகள்

சிறைப்படுத்திய அயனிகளைக் கொண்ட கணினியில் சில்லின் இடத்தை, மின்புலத்தால் வெற்றிடத்தில் மிதக்க வைக்கப்பட்ட இட்டெர்பியம், பேரியம் போன்ற அயனிகள் பெறுகின்றன. கட்டளையிடுவது பெரும்பாலும் சீரொளி, படிப்பது ஒளிப்படக்கருவி. இங்கு மில்லிகெல்வின் குளிரூட்டி தேவையில்லை. ஒரே வரிசையிலுள்ள எந்த இரு அயனிகளையும் இணைக்கலாம் என்பதால் தொகுப்பிக்கு இடமாற்றச் சுமையும் குறைவு. ஆனால் வாயில்கள் மீக்கடத்திவகையைவிடப் பல நூறு மடங்கு மெதுவானவை. மின்னேற்றமற்ற அணுக்களைச் சீரொளி இடுக்கிகளால் பிடித்து வைக்கும் கணினிகளில், கம்பி இழுப்பதற்குப் பதிலாக அணுவையே நகர்த்தி மற்றோர் அணுவின் அருகே கொண்டுசெல்ல முடிகின்றது. ஒளியைப் பயன்படுத்தும் கணினியின் சுற்றுகள் அறை வெப்பநிலையில் இயங்கினாலும், தனிப் போட்டானை உணரும் மீக்கடத்திக் கம்பி உணரிகளுக்குச் சில கெல்வின் வரை குளிரூட்டல் தேவைப்படுகின்றது.

டி-வேவ் நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான கியூபிட்டுகள் கொண்ட பொறிகளும் மீக்கடத்திச் சில்லையும் நீர்த்தல் குளிரூட்டியையும் பயன்படுத்துகின்றன. எனினும் 2020 இல் வெளியான, 5000 க்கு மேற்பட்ட கியூபிட்டுகள் உள்ள அதன் அட்வான்டேஜ் பொறியில் மேலே விளக்கப்பட்ட வாயில்கள் இல்லை. மெல்ல மெல்ல மாற்றப்படும் காந்தப்புலத்தின் கீழ் முழுத் தொகுதியும் குறைந்த ஆற்றல் நிலையை நாடுவதே அதன் கணிப்பு முறை. ஆதலால் அதன் கியூபிட் எண்ணிக்கையை வாயில்வகைக் கணினிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட இயலாது.